மீன் என்ன எடை என்று கேட்பது கௌரவக் குறைச்சலா?

(வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களைக் கடைக்கு அழைத்துச் சென்று விருந்து வைப்பது உபசாரமா, ஊதாரித்தனமா என்ற தலைப்பில் தொலைக்காட்சி மன்றத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய அம்மா, விருந்தாளிக்கு வீட்டில் சமைத்துப் போடுவதுதான் மரியாதை என்றார். அவருக்குப் பின் வந்த தம்பி, சிங்கப்பூர் வரை வந்தவர்களுக்கு நம் வீட்டுச் சாம்பாரையா காட்டுவது என்று கேட்டார். இரண்டு பேருக்கும் நல்ல கைதட்டல். எனக்குக் கிடைக்குமா தெரியாது. ஏனென்றால் நான் உபசாரத்தைப் பற்றிப் பேச வரவில்லை. பில்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நமக்கு இந்த ஊர் வீடு. காலையில் எழுந்தால் வேலை, பள்ளிக்கூடம், வீவக வீட்டுத் தவணை. ஆனால் சாங்கியில் விமானத்தை விட்டு இறங்குகிறவர்களுக்கு இது ஓர் உல்லாசத் தீவு. தீவுக்கு வந்தவர் என்ன கேட்பார்? கடலைப் பார்க்க வேண்டும், நல்ல மீன் சாப்பிட வேண்டும் என்பார். நாமும் பெருமையாக அழைத்துப் போகிறோம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் நாகப்பட்டினத்திலிருந்து என் தாய்மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். மாமா மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து வியாபாரம் செய்கிறவர். அவருக்கு ஓய்வு கிடைப்பதே அந்தச் சமயத்தில்தான். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக ஏற்படுத்திய தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017இல் 61 நாளாக்கினார்கள். படகு கரையில் நின்றால் மாமா வீட்டில் நிற்க மாட்டார், விமானம் ஏறிவிடுவார். இங்கே பிள்ளைகளுக்கும் ஜூன் விடுமுறை. எல்லாம் பொருந்தி வந்தது.

கடலோரத்தில் இருக்கும் ஒரு கடல் உணவுக் கடைக்குக் குடும்பமாகப் போனோம். பெயர் வேண்டாம், அந்தக் கடைமீது நான் குறை சொல்ல வரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி, வட்ட மேசை, கண்ணாடித் தொட்டியில் உயிர் மீன், தலைக்கு மேலே சுழலும் காற்றாடி என்று எளிமையான இடம்தான். எளிமையான இடம் என்றால் விலையும் எளிமையாக இருக்கும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம் அல்லவா? பணியாள் வந்தார். "இன்றைக்கு நல்ல மீன் இருக்கிறது, ஆவியில் வைக்கட்டுமா?" என்றார். மாமா என்னைப் பார்த்தார். நான் பணியாளைப் பார்த்துத் தலையாட்டினேன். என்ன மீன் என்று கேட்கவில்லை. என்ன எடை என்று கேட்கவில்லை. விருந்தாளி முன்னால் விலை கேட்டால் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம்தான்.

பில் வந்தது. 486 வெள்ளி. அதில் மீன் மட்டும் 151 வெள்ளி 20 காசு.

மாமா பில்லைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். வீட்டுக்கு வந்த பிறகு, அத்தை தூங்கப் போன பிறகு, மெதுவாகக் கேட்டார்: "மாப்ள, அந்த மீனு என்ன எடைன்னு கேட்டியா?"

"இல்லை மாமா."

"நாப்பது வருசமா மீன் விக்கிறவன் பக்கத்துல உக்காந்திருக்கேன். என்னையாவது கேக்க விட்டிருக்கலாமே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். தன்னால் எனக்கு வீண் செலவு வந்துவிட்டது என்று அவருக்குச் சங்கடம். உபசாரம் என்று நான் செய்த காரியம் விருந்தாளிக்குச் சங்கடத்தைக் கொடுத்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பில்லை இன்று உங்கள் முன்னால் பிரித்து வைக்கிறேன்.

பில்லைப் படிப்பது எப்படி?

விலைப் பட்டியலில் அந்த மீனுக்கு எதிரே அச்சிட்டிருந்தது 10 வெள்ளி 80 காசு. அது ஒரு மீனின் விலை இல்லை, நூறு கிராமின் விலை. அந்த விவரம் சிறிய எழுத்தில் இருந்தது. மீன் 1 கிலோ 400 கிராம். ஆக, பதினான்கு நூறு கிராம். 14ஐ 10.80ஆல் பெருக்கிப் பாருங்கள், 151.20 வரும். கணக்கு சரிதான். ஒரு காசு கூடுதலாக வாங்கவில்லை.

அதோடு முடிந்ததா? விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள், கவனித்திருப்பீர்கள். முதல் கூட்டல் சேவைக் கட்டணம், 10 விழுக்காடு. இரண்டாவது கூட்டல் பொருள் சேவை வரி. 1994இல் 3 விழுக்காட்டில் தொடங்கிய வரி இது. 2024 முதல் 9 விழுக்காடு. சேவைக் கட்டணத்தைச் சேர்த்த பிறகு, அந்தத் தொகைக்கு வரி. அதாவது 151.20 முதலில் 166.32 ஆகிறது, அப்புறம் 181.29 ஆகிறது. என் மனைவி இதைக் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் எனக்கே புரிந்தது. மாமா அதை ரூபாயில் மாற்றிப் பார்த்துவிட்டு, ஒரு மீனுக்குப் பன்னிரண்டாயிரமா என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

பொதுவாகக் கடைகளில் வரி சேர்ந்த விலையைத்தான் காட்ட வேண்டும் என்று இங்கே விதி உண்டே, பிறகு எப்படி இந்தக் கூட்டல் குறி என்று கேட்கலாம். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் அந்த விதியிலிருந்து விலக்கு இருக்கிறது. பேரங்காடியில் பார்க்கும் விலை கொடுக்கும் விலை. உணவகத்தில் பார்க்கும் விலை வேறு, கொடுக்கும் விலை வேறு. நூறு வெள்ளி என்று போட்டிருந்தால் 119 வெள்ளி 90 காசு எடுத்து வைக்க வேண்டும். உணவங்காடி நிலையத்தில் இந்தத் தொல்லை கிடையாது, சேவைக் கட்டணம் இல்லை.

உட்கார்ந்ததும் கொண்டுவந்து வைக்கும் வேர்க்கடலைக்கும் ஈரக் கைத்தாளுக்கும் கூடக் கட்டணம் உண்டு. வேண்டாம் என்றால் அப்போதே சொல்லித் திருப்பிக் கொடுங்கள். கடலையைக் கொறித்துவிட்டுச் சண்டை போடக் கூடாது.

நண்டும் இறாலும் சொன்ன கதை

நான் ஒருவன்தான் ஏமாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. 2009ஆம் ஆண்டு நியூட்டன் உணவங்காடி நிலையத்தில் அமெரிக்கச் சுற்றுப்பயணிகள் சிலர் சாப்பிட்டதற்கு 491 வெள்ளி பில் வந்தது. அதில் எட்டுப் பெரிய இறாலுக்கு மட்டும் 239 வெள்ளி. ஓர் இறால் ஏறத்தாழ 30 வெள்ளி! செய்தி பத்திரிகைகளில் வந்து பெரிய பரபரப்பானது. தேசிய சுற்றுப்புற வாரியம் அந்தக் கடையை மூன்று மாதம் மூட வைத்தது. அது அநியாயம், தண்டனையும் கிடைத்தது, சரி.

2023இல் நடந்தது வேறு மாதிரி. ஜப்பானிலிருந்து வந்த பெண்மணி ஒருவர் நண்பர்களோடு மொத்தம் நான்கு பேராக ஓர் உணவகத்தில் மிளகாய் நண்டு சாப்பிட்டார். நண்டுக்கு மட்டும் 938 வெள்ளி. அவர் அதிர்ந்துபோய்க் காவல்துறையை அழைக்கச் சொன்னார். அது அலாஸ்கா ராஜ நண்டு. 100 கிராம் 26 வெள்ளி 80 காசு. நண்டின் எடை மூன்றரைக் கிலோ. 35ஐ 26.80ஆல் பெருக்கினால் சரியாக 938. நண்டு ஏறத்தாழ முப்பது வெள்ளி என்று தாம் புரிந்துகொண்டதாக அவர் சொன்னார். சமைக்கும் முன்பே விலையை விளக்கி, நண்டையும் காட்டினோம் என்று கடை சொன்னது. கடைசியில் நூறு வெள்ளிக்குச் சற்று மேல் தள்ளுபடி கொடுத்தார்கள். இதில் யாராவது பொய் சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் நூறு கிராமைச் சொன்னார், மற்றவர் முழு நண்டைக் கேட்டார். மொழி வேறு, ஊர் வேறு.

அப்படியானால் விலையை நேராக அச்சிட்டுத் தொலைக்கலாமே, ஏன் 'சீசனல் பிரைஸ்', 'மார்க்கெட் பிரைஸ்' என்று மழுப்புகிறார்கள்? நானும் அதை மோசடி என்றுதான் எண்ணியிருந்தேன். மாமாதான் என்னைத் திருத்தினார். "ஏலத்துல காலையில ஒரு வெல, மத்தியானம் ஒரு வெல. அவன் எதைடா அச்சடிப்பான்?" என்றார்.

யோசித்துப் பாருங்கள். நாம் சாப்பிடும் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. மீனும் அப்படித்தான். மலேசியாவிலிருந்து லாரியில், இந்தோனேசியாவிலிருந்து படகில், இன்னும் தூர தேசங்களிலிருந்து விமானத்தில் வருகிறது. 1969இல் திறந்த ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தில், ஊரே தூங்கும் நேரத்தில் மொத்த வியாபாரம் நடக்கும். வடக்கே செனோக்கோவில் இருந்த இன்னொரு துறைமுகத்தை 2024இல் மூடிவிட்டார்கள், அந்த வேலையும் ஜூரோங்கிற்கே வந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை அடிக்கும் ஆண்டின் கடைசி மாதங்களில் மலேசியக் கிழக்குக் கரைப் படகுகள் கடலுக்குப் போவது குறையும், மீன் வரத்தும் குறையும். அது அடங்குவதற்குள் சீனப் புத்தாண்டு வந்துவிடும். அந்த நாளில் வெள்ளை வாவலுக்கு இருக்கும் கிராக்கி நமக்குத் தெரிந்ததுதான். அதே மீனை ஜூன் மாதம் வாங்குகிறவரும் புத்தாண்டுக்கு முதல் நாள் வாங்குகிறவரும் ஒரே விலை கொடுக்க முடியாது. ஆகவே காலவிலை என்று போடுவது குற்றமில்லை. கேட்டால் சொல்ல மறுத்தால்தான் குற்றம்.

நண்டுக்கு வரும்போது இன்னொன்று. இங்கே மிளகாய் நண்டுக்குப் பேர்போனது இலங்கை நண்டு. களிமண் நிறத்தில், பெரிய கொடுக்கோடு இருக்கும். அங்கே பிடிக்கும் பெரிய நண்டெல்லாம் நெடுங்காலமாகச் சிங்கப்பூருக்கும் மற்ற வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகிவிடும். இலங்கைக்காரர்களுக்குத் தங்கள் ஊர் நண்டு எட்டாக்கனி. 2011இல் கிரிக்கெட் வீரர்கள் சங்கக்காராவும் ஜெயவர்த்தனவும் சமையல் கலைஞர் தர்ஷன் முனிதாசவோடு சேர்ந்து கொழும்பில் நண்டுக்கென்றே ஓர் உணவகம் திறந்தார்கள். ஏற்றுமதித் தரத்து நண்டை அந்த நாட்டிலேயே சாப்பிடக் கொடுப்பதுதான் நோக்கம். உயிர் நண்டின் கொடுக்கைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். எடை போடும்போது கயிற்றையும் சேர்த்தா என்று மாமா கேட்டார். அதை நான் கடைக்காரரிடம் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஓர் அளவு இருக்கிறது.

தேக்காவில் மாமா

மறுநாள் காலையில், "எனக்குக் கடையெல்லாம் வேணாம், சந்தையக் காட்டு" என்றார். தேக்காவுக்கு அழைத்துப் போனேன். சிராங்கூன் சாலையில் 1982இல் கட்டிய இப்போதைய கட்டடத்துக்கு முதலில் சூஜியாவ் நிலையம் என்று பெயர். நம் ஆட்கள் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை, தேக்கா என்றே சொன்னோம். 2000ஆம் ஆண்டில் அந்தப் பெயரையே அதிகாரபூர்வமாக வைத்துவிட்டார்கள்.

ஈரச்சந்தைக்குள் நுழைந்ததும் மாமாவுக்கு உயிர் வந்தது. தெங்கிரி என்று நாம் சொல்வதைப் பார்த்து, "இது வஞ்சிரமாச்சே" என்றார். சியாக்காப்பைப் பார்த்து, "கொடுவா" என்றார். சோத்தோங் என்றால் கணவாய் என்று அத்தை கண்டுபிடித்தார். இக்கான் மேரா என்று நாம் மலாய் மொழியில் சொல்லும் பெரிய சிவப்பு மீன் முன்னால் மாமா நின்றுவிட்டார். "செப்பிலி வகை. இவ்வளவு பெரிய தலையத் தனியா வெட்டி வெச்சிருக்கானே, யார் வாங்குவா?"

மீன் கண் குழி விழாமல் பளிச்சென்று துருத்தியிருக்க வேண்டும், செவுளைத் தூக்கினால் உள்ளே இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் குழி உடனே எழும்ப வேண்டும் என்று என் மகளுக்குப் பாடம் நடத்தினார். மீன்காரர் சிரித்துக்கொண்டே, "ஐயா நம்ம தொழிலா?" என்று கேட்டார். அங்கே மாமா ஒவ்வொரு மீனுக்கும் விலை கேட்டார். ஒன்றையும் வாங்கவில்லை. யாரும் அவரைக் கேவலமாகப் பார்க்கவில்லை. முந்தின இரவு நான் கேட்கக் கூசிய அதே கேள்வியை அவர் இருபது முறை கேட்டார்.

அந்தத் தலையை யார் வாங்குவார் என்று கேட்டாரே, அதற்குப் பதிலைப் பகல் சாப்பாட்டில் காட்டலாம் என்று ரேஸ் கோர்ஸ் சாலைக்கு நடத்திக்கொண்டு போனேன்.

சட்டியில் வந்த தலை

மீன் தலைக் கறியைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த பதார்த்தம் என்று பலர் நினைக்கிறோம். பாதிதான் உண்மை. குழம்பில் தலையைப் போடுவது நம் வீடுகளில் உண்டு. மாமா வீட்டிலும் உண்டு. ஆனால் நடுத்துண்டு விருந்தாளிக்கு, தலையும் வாலும் வீட்டாருக்கு என்பதுதான் அங்கே வழக்கம். தலையை மட்டும் தனியே எடுத்து, முழுசாக ஒரு சட்டியில் வைத்து, விருந்தாளி முன்னால் பெருமையாகக் கொண்டுவந்து வைப்பது இந்த ஊரில் பிறந்த பழக்கம்.

அதைத் தொடங்கியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறவர் கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே.கோமஸ். 1949இல் சோஃபியா சாலைப் பகுதியில் கடை வைத்திருந்தார். சீனர்கள் மீன் தலையை விரும்பிச் சாப்பிடுவதைக் கவனித்தார். கன்னத்துச் சதையும் கண்ணைச் சுற்றியுள்ள வழுவழுப்பும் அவர்களுக்கு உயர்ந்த ருசி. நம் மசாலாவில் அவர்கள் தலையை வேகவைத்தால் என்ன என்று தோன்றியது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. பக்கத்து மேசைக்காரர் எதை ஆசையாகச் சாப்பிடுகிறார் என்று பார்த்த ஒரு மனிதரின் காரியம்.

பிறகு 1969இல் அய்யாக்கண்ணு என்பவர் கிள்ளான் சாலையில் முத்தூஸ் கறியைத் தொடங்கினார். 1974இல் ரேஸ் கோர்ஸ் சாலையில் பனானா லீஃப் அப்போலோ வந்தது. முத்தூஸும் அதே சாலைக்கு வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்த திடலால் பெயர் பெற்ற சாலை, இன்று மீன் தலைக்காகப் பெயர் பெற்றிருக்கிறது. சீனச் சமையல்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மிளகாய்க் காரத்தைக் குறைத்து, புளிப்பை முன்னால் நிறுத்தி, தங்கள் பாணியில் ஒரு தலைக் கறி செய்தார்கள். பெரனாக்கான் வீட்டிலும் ஒரு வகை உண்டு. எது அசல் என்ற வழக்கை நான் இந்த மன்றத்தில் எடுக்கப் போவதில்லை, நடுவர் விடிய விடிய உட்கார வேண்டியிருக்கும்.

சமைக்கும் முறையைச் சொல்கிறேன், அதில்தான் விஷயம் இருக்கிறது. தலை என்றால் வெறும் தலை இல்லை. செவுளுக்குப் பின்னால் தோள்பக்கச் சதையும் சேர்ந்து வருமாறு வெட்டுவார்கள். செவுளைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குழம்பு கசக்கும், நாறும். பல கடைகளில் தலையைக் குழம்பிலேயே போட்டுக் கொதிக்க விடுவதில்லை. அத்தனை பெரிய தலை வேகும் வரை கொதித்தால் சதை கரைந்து எலும்புதான் மிஞ்சும். தனியாக ஆவியில் அல்லது வெந்நீரில் பாதிக்கு மேல் வேகவைத்து, கடைசியில் குழம்போடு சேர்ப்பார்கள். குழம்பு மல்லி, மிளகாய், சீரகம், சோம்பு, மஞ்சள் அரைத்த மீன் மசாலாவில், வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்து, புளி கரைத்து ஊற்றியது. வெண்டைக்காய், கத்தரிக்காய், தக்காளி, சில இடங்களில் அன்னாசித் துண்டு. அன்னாசி இந்த மண்ணின் சேர்க்கை. புளியின் கூர்மையை அதன் இனிப்பு சற்றே மழுக்கும்.

வாழையிலையில் சோறு, இரண்டு காய், அப்பளம் வைத்துவிட்டுச் சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். அத்தை முதலில் கையை நீட்டவில்லை. விருந்தாளிக்குத் தலையா என்ற யோசனை அவர் முகத்தில் தெரிந்தது. என் மகள்தான் கரண்டியால் கன்னத்துச் சதையை உருட்டி எடுத்து அத்தை இலையில் வைத்தாள். மீனிலேயே மெதுவான சதை அது. மாமா கண்ணை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ரேஸ் கோர்ஸ் சாலைக் கடைகளில் தலைக் கறியைப் பெரும்பாலும் சிறிது, நடுத்தரம், பெரிது என்று சட்டி அளவில் விற்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் விலை அச்சிட்டிருக்கும். தராசு உங்கள் மேசைக்கு வருவதில்லை. மீன் விலை ஏறினால் அந்த ஏற்றத்தைச் சிறிது காலமாவது கடைதான் சுமக்கிறது. கண்ணாடித் தொட்டிக் கடையில் அதை நீங்கள் சுமக்கிறீர்கள். இரண்டும் நேர்மையான வியாபாரம்தான். ஆனால் நாம் எந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். சட்டிக் கடையில் கேட்க வேண்டியது, "இது எத்தனை பேருக்கு வரும்?" தொட்டிக் கடையில் கேட்க வேண்டியது, "இந்த மீன் எத்தனை கிராம், மொத்தம் எவ்வளவு ஆகும்?" அதுவும் அடுப்புக்குப் போவதற்கு முன்னால். மீனை அல்லது நண்டை மேசைக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லலாம். பெரிதாக இருந்தால் சிறிதாக வேறொன்று கேட்கலாம். நல்ல கடைகளில் அவர்களே வாளியில் போட்டுக் கொண்டுவந்து காட்டுவார்கள். சமைத்த பிறகு எதையும் மாற்ற முடியாது.

பில் தவறாகவே வந்துவிட்டால்? முதலில் மேலாளரிடம் அமைதியாகப் பேசுங்கள். கேட்காத பொருளுக்குப் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். தீராவிட்டால் ரசீதோடு சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகலாம். ரசீது இல்லாமல் போய் நின்றால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

விருந்தாளி முன்னால் எப்படிக் கேட்பது என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்குப் பின்வரிசையில் இருக்கும் ஓர் ஐயா இடைவேளையில் சொன்னார்: "விலை கேட்டால் நாம் கணக்குப் பார்த்துச் சோறு போடுவதாக நினைப்பார்கள்." நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஊரிலிருந்து வருகிறவர்கள் நம்மைவிட அதிகம் விலை கேட்டுப் பழகியவர்கள். நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ விலை கேட்காமல் மீன் வாங்குகிறவரைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள். கூச்சம் அவர்களிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. இங்கே வந்து வெள்ளியில் சம்பளம் வாங்குவதால் வெள்ளியை எண்ணக் கூடாது என்று நமக்கு நாமே ஒரு வேஷம் போட்டுக்கொள்கிறோம். அந்த வேஷத்துக்கு என் வீட்டில் ஒரே இரவில் ஆன செலவு 486 வெள்ளி. வெள்ளிகூடப் போகட்டும், மாமா அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

ஆகவே கடைக்கு அழைத்துப் போங்கள் என்று சொன்ன தம்பியின் பக்கம்தான் என் வாக்கு. போகும்போது விருந்தாளியையே கேட்க விடுங்கள். ரேஸ் கோர்ஸ் சாலையில் அன்று மாமாதான் கேட்டார். பணியாளரைக் கூப்பிட்டு, தலை என்ன மீன், எங்கிருந்து வருகிறது, நடுத்தரச் சட்டி ஆறு பேருக்குக் காணுமா என்று வரிசையாக விசாரித்தார். அந்தப் பையன் காரைக்குடிப் பக்கம். ஆறு பேருக்குப் பெரிய சட்டிதான் சரி, இல்லாவிட்டால் நடுத்தரமும் ஒரு பொரித்த மீனும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவனே யோசனை சொன்னான். இரண்டாவதைத்தான் வாங்கினோம். மிச்சம் எதுவும் இல்லை.

ஜூன் 14 முடிவதற்குள் மாமா ஊருக்குத் திரும்பிவிட்டார், படகு கிளம்பும் நாளில் அவர் அங்கே இருக்க வேண்டும். போன மாதம் தொலைபேசியில் பேசினார். தலைக் கறியை அத்தை ஊரில் செய்து பார்த்தாராம். செப்பிலித் தலை வாங்கி, வெண்டைக்காய் போட்டு, அன்னாசியும் போட்டு. மீன் குழம்பில் பழம் போடுவார்களா என்று வீட்டில் ஆளாளுக்குச் சண்டைக்கு வந்துவிட்டார்களாம். மாமா மட்டும் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாராம். "அந்தத் தலைய என்ன வெலைக்கு வாங்கினேன்னு கேளு மாப்ள" என்றார். கேட்டேன்.